தாத்தா சாப்பிட நான் பெருத்த கதை

மொம்பாசாவில் கடற்காற்றும் மருமகள்களும் சூழ வாழும் இமாலி அத்தைக்கு, அண்ணன் மகள் மினாயோ பணிவுடன் எழுதுவது. இங்கே மழை நலம், தேயிலை நலம், உங்கள் தம்பி வாங்கிய பசு சுமார். உங்கள் அப்பாவின் உடல்நிலையும் என் எடையும் கீழே வருகின்றன. இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதால் தனித்தனியே எழுத இயலவில்லை.

எனக்குச் சர்க்கரை வாசல் வரை வந்துவிட்டது என்று நைரோபி மருத்துவர் சொன்னதும், "உடம்பைக் குறைச்சுட்டு ஊருக்குப் போடி, அப்பா பார்த்துப் பூரிச்சுப் போயிடுவார்" என்று தொலைபேசியில் சொன்னது நீங்கள்தான். அதன்படி சப்பாத்தியை விட்டேன், உகாலிக் களியை விட்டேன், தேநீரைச் சர்க்கரை இல்லாமல் ஒரு தண்டனைபோலக் குடித்தேன். முழங்கால்கள் முனகுவதை நிறுத்தின. பாதி ஆளாகி நிமிர்ந்து நடந்த வேளையில்தான் தாத்தாவுக்கு நிமோனியா என்று செய்தி வந்தது. ஊரில் பேருந்தைவிட்டு இறங்கி, பயிற்சியாக இருக்கட்டும் என்று மேட்டில் நடந்தேன். மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் கூடவே உருட்டிக்கொண்டு வந்தார். "ஏறுக்கா, காசு வேணாம். யார் வீட்டுப் பொண்ணு நீ? உன்னை இப்படி விட்டுட்டாங்களே, மனுஷங்களா அவங்க?" என்றார். உங்கள் குடும்பப் பெயரைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆஸ்பத்திரியில் தாத்தாவுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது, ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. "மருந்து தன் வேலையை முடிச்சிடுச்சும்மா. இனி அவர் சாப்பிட்டாத்தான் எழுந்திருப்பார்" என்றார் மருத்துவர். நம் வீட்டிலிருந்து போன கோழிக் குழம்பில் மூத்த ஆணுக்கு உரிய இரைப்பையை எடுத்து வைத்தார்கள். தாத்தா அதை விரலால் ஓரமாகத் தள்ளினார். பக்கத்துக் கட்டில் பெண்கள் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இரைப்பையை மறுக்கும் ஆண் எந்தப் பக்கம் போகிறான் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அத்தை. 

தேயிலை வாங்கும் நிலையத்தில் அவர் எழுத்தராக இருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். சனிக்கிழமைகளில் சிறுமியான என்னைத் தேயிலைக் கூடையில் உட்காரவைத்துத் தொங்கு தராசில் மாட்டி, பேத்தியைப் பெண்டாட்டி என்று கூப்பிடும் நம் ஊர் வழக்கப்படி, "என் பெண்டாட்டி இந்த வாரம் ஏறியிருக்கா!" என்று கூவுவார். வரிசையில் நிற்கும் தேயிலைக்காரர்கள் எல்லோரும் கைதட்டுவார்கள். ஈர இலை வாசனையில் கால்களை ஆட்டிக்கொண்டு அந்தரத்தில் தொங்குவேன். என் எடைக்குக் கைதட்டல் கிடைத்த காலம் அதுதான், அதன் பிறகு ஆலோசனைகளே கிடைத்தன.

இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி தாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருடி நீ? என் பெண்டாட்டி எங்கே?"

"நான்தான் தாத்தா."

"பொய் சொல்லாதே. அவ கட்டிலோட இந்த ஓரத்துல உட்கார்ந்தா நான் அந்த ஓரத்துல மேலே எழும்புவேன். இப்போ எழும்பலையே! கிழவன் போயிட்டான்னு முன்கூட்டியே துக்கத்துல இளைச்சிட்டியா?"

மருத்துவர் சொல்லித்தான் இளைத்தேன் என்றேன். "அது சரி. சாகாம இருக்க நீ பட்டினி கிடக்கணுமாம், சாகாம இருக்க நான் தின்னணுமாம். ரெண்டு டாக்டரும் ஒரே பள்ளிக்கூடத்துலதான் படிச்சாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் சர்ச் பெண்கள் ஜெபிக்க வந்தார்கள். தாத்தா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்தார், நான் களைத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தேன். தலைவி ரஸோவா அம்மா நேராக வந்து என் தலையில் கைவைத்தார். "கர்த்தாவே, இந்த எலும்புகளுக்குச் சதை கொடும்! வேண்டிய மட்டும் கொடும்!" என்றார். பெண்கள் அழுதார்கள். மறுக்கலாம் என்று எழுந்தால், நோயாளி எழுந்துவிட்டாள் என்று ஸ்தோத்திரம் பாடினார்கள். எல்லோரையும் மிஞ்சி "ஆமென்!" என்று கத்தியது தாத்தா. அப்புறம் இருமலும் சிரிப்புமாகக் குலுங்கி, சாப்பாட்டைக் கொண்டுவரச் சொன்னார். இரைப்பையை இரண்டாகக் கடித்துப் பாதியை என் வாயருகே நீட்டினார்.

"பெரியவரே! பொம்பளை இரைப்பை சாப்பிடறதா?" என்று ரஸோவா அம்மா பதறினார்.

"என் பெண்டாட்டிக்கு நான் குடுக்கறேன். உங்களுக்கும் வேணும்னா சொல்லுங்க, இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிறேன்."

ஜெபக் கூட்டம் அத்துடன் கலைந்தது.

அன்றிலிருந்து நான் ஒரு கவளம் விழுங்கினால்தான் அவர் ஒரு கவளம் விழுங்குகிறார். வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார். அவர் கன்னத்தில் சதை பிடிக்கிறது, என் பாவாடைக் கொக்கி எட்டவில்லை. முழங்கால்கள் மறுபடி முனகுகின்றன. எனக்கு அடுத்த மாதம் சர்க்கரைப் பரிசோதனை. ஆகவே, அவர் உலகில் பயப்படும் ஒரே பிறவியாகிய நீங்கள், தனியாகச் சாப்பிடும்படி அவருக்குக் கண்டிப்பாக உத்தரவிட வேண்டுகிறேன்.

மருமகள்களுக்கு என் அன்பும், அவர்களிடம் உங்களுக்கு ஏற்பட்டுள்ள வருத்தங்களுக்கு என் அனுதாபமும் உரித்தாகுக. கர்த்தர் உங்களை நிறைவாக வைத்திருப்பாராக. எத்தனை கிலோ நிறைவு என்பதை அவரே அறிவார்.

தங்கள் கீழ்ப்படிந்த,
மினாயோ

பின்குறிப்பு: உத்தரவு வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடும் முன்பு மருத்துவர் வந்தார். தாத்தா தேறிவிட்டார், இனி தனியாகவே சாப்பிடுவார், நான் நைரோபிக்குக் கிளம்பலாம் என்றார். இல்லை டாக்டர், இன்னும் சில வாரம் யாராவது கூட உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அவருக்கு இறங்கும் என்று நான் சொல்லிவிட்டேன். தாத்தாவும் மெலிந்த குரலில், "ஆமாம் டாக்டர், பசியே இல்லை" என்றார். அப்போது அவர் வாய் நிறைய உகாலி இருந்தது.