மூன்றாவது வரியில் நின்றவர்

போன மாதம் நான் கண்ணாடி மாற்றப் போனபோது, கண்ணாடிக்கடைக்காரரின் மனைவியே சொன்ன கதை இது. கடைக்காரர் உள்ளறையில் யாருக்கோ எழுத்துப் பலகையைக் காட்டி, "கடைசி வரி வரைக்கும் படிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்குப் பெரிய மோட்டார் சைக்கிள் ஓட்ட லைசென்ஸ் கிடைத்தது. எட்டுப் போடும்போது இரண்டு தடவை காலை ஊன்றித் தோற்றவர், மூன்றாம் தடவை கடவுள் புண்ணியத்தில் தேறினார். அடுத்த வாரமே வண்டி வாசலுக்கு வந்தது. எருமை படுத்திருப்பதுபோல் அவ்வளவு பெரிசு.

அவருக்கு ஒரே ஆசை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைச் சாலையில் தனியாகப் போக வேண்டும். ஆனால் இருபத்தாறு வருஷமாக ஞாயிறு என்றால் மனைவியின் அக்கா வீடுதான். அங்கே சகலை, தன் முதுகுவலி எந்த எலும்பில் ஆரம்பித்து எந்த எலும்பில் முடிகிறது என்று மதியம்வரை விளக்குவார். கடைக்காரருக்கு அந்த எலும்புகள் எல்லாம் மனப்பாடம்.

ஓட்டப் பழக்கிய பள்ளியில் புதியவர்களுக்கென்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். முதல் வரி, இரண்டு காலும் தரையில் பதிகிற வண்டியாக எடுக்கவும். இரண்டாவது, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பழகவும். மூன்றாவது, நன்றாகப் பழகும்வரை பின்னால் ஆள் ஏற்ற வேண்டாம். கடையில் உட்கார்ந்து இதைப் படித்த அவர் முகமெல்லாம் வெளிச்சம். அதற்குமேல் எதற்குப் படிக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

"இங்க பாரு. ஆறு மாசத்துக்குப் பின்னால ஆள் ஏத்தக் கூடாதாம்."

"ஆறு மாசமா?"

"ஆமா. நீ அக்கா வீட்டுக்கு ஆட்டோல போயிடு. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"உங்க கஷ்டம் மூஞ்சியிலயே தெரியுதுங்க. அந்தத் தாளைக் கொடுங்க."

கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"ஏங்க, நாலாவதைப் பாத்தீங்களா? ஆளுக்குப் பதிலா சுமை ஏத்திப் பழகணுமாம். வாரம் ஒரு தடவை. முதல்ல லேசா, அப்புறம் கனமா."

"அப்படியா போட்டிருக்கு?"

"அஞ்சாவது, நல்லாத் தெரிஞ்ச ரோட்டுலயே போகணுமாம். உங்களுக்கு அக்கா வீட்டு ரோட்டை விடத் தெரிஞ்ச ரோடு எது?"

படிக்கிற கண்ணாடியை அவர் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அவள் தாளை மடித்துத் தன் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அங்கே அவர் கை போகாது.

முதல் ஞாயிறு இரண்டு தலையணை. மூன்றாம் ஞாயிறு ஒரு மாவு மூட்டை. ஏழாம் ஞாயிறு அக்காவின் தையல் மெஷின், ரிப்பேர் பார்த்தது. அவள் முன்னால் ஆட்டோவில் காற்று வாங்கிக்கொண்டு போவாள். பின்னால் இவர், மூட்டையைக் கட்டிக்கொண்டு. சகலை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தூக்க வரமாட்டார். எந்த எலும்பு விடவில்லை என்று மட்டும் சொல்வார்.

சும்மா சொல்லக் கூடாது, வண்டி அவர் கைக்கு நன்றாக அடங்கியது. திரும்பி வரும்போது வெறும் வண்டியில் மெல்லச் சீட்டியடிப்பாராம்.

ஆறு மாதம் முடிந்த ஞாயிறு. அவள் அலமாரியைத் துடைக்கும்போது புத்தகம் சரிந்து தாள் அவர் காலடியில் விழுந்தது. அன்று கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது. நாலாவது, டயரில் காற்றுப் பார்க்கவும். ஐந்தாவது, ஹெல்மெட் வாரை இறுக்கவும். ஆறாவது, மழையில் பிரேக்கை மெல்லப் பிடிக்கவும். அவ்வளவுதான்.

"சுமைன்னு ஒரு வார்த்தைகூட இல்லையே இதுல."

"ஆறு மாசம்னும் இல்லைங்க."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஊரையே கடைசி வரி வரைக்கும் படிக்க வைக்கிறவர் நீங்க. மூணாவதுலயே நின்னுட்டீங்க. மிச்சத்தை நான் படிச்சேன்." ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "எழுந்திருங்க. இன்னைக்கு நான் பின்னால உக்காருறேன். ஏரிக்கரைக்கே போவோம்."

அவருக்கு நம்ப முடியவில்லை. "நிஜமாவா? நாம ரெண்டு பேரும் மட்டுமா?"

"அக்காவையும் அத்தானையும் அங்க வரச் சொல்லிட்டேன். காத்துப் பட்டா முதுகுக்கு நல்லதாம்."

வண்டியில் போகிற எல்லாப் பிள்ளைகளையும் ஆண்டவன் காக்கட்டும். உங்கள் வீட்டில் யாராவது புதிதாகப் பெரிய வண்டி எடுத்தால், அந்தத் தாளைக் கடைசி வரி வரைக்கும் அவர்களையே படிக்கச் சொல்லுங்கள்.