தப்பான வீட்டை அளந்த கதை

பெருமதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

தம்பி மகள் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், என் செருப்பு மட்டும் நலமில்லை. அங்கு நீங்களும் மாமாவும் மாமாவின் முழங்காலும் நலம்தானே? போனில் கூப்பிட்டால் நீங்கள்தான் பேசுவீர்கள், நான் 'ம்' கொட்ட வேண்டியிருக்கும். அதனால்தான் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நடுவில் குறுக்கிட முடியாது பாருங்கள். விஷயம் இதுதான்: எனக்குக் காதல் வந்துவிட்டது. பதறாதீர்கள், பையன் யாரும் இல்லை. இந்த ஊர் மேல்தான். நாளை மதியம் எங்கள் வகுப்பு மொத்தமும் ரயில் ஏறுகிறது. நான் ஏறாமல் இன்னும் ஆறு மாதம் இங்கேயே இருக்க, அப்பாவிடம் நீங்கள் சம்மதம் வாங்கித் தர வேண்டும். உலகத்தில் அப்பா பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கட்டடக்கலை படிக்கிற எங்களை, பழைய கட்டடங்களை அளந்து வரைவதற்காகப் பேராசிரியர் இங்கே அழைத்து வந்தார். அளந்து முடிக்கும்வரை யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். "ஆளுங்க கதை சொல்லுவாங்க, டேப் பொய் சொல்லாது" என்பார். எனக்கும் என் ஜோடிக்கும் பழைய தபால் நிலையம் ஒதுக்கப்பட்டது. ஜோடி யாரென்றால், வழி கேட்பதையே மானக்கேடாக நினைக்கிற ஒருத்தி. வகுப்பில் அவளுக்குத் 'திசைகாட்டி' என்று பெயர். அவள் பின்னால் போனேன். ஆற்றங்கரையிலிருந்து மேடேறுகிற ஒரு சந்தில் பெரிய கதவு, உள்ளே நீளமான மேசை, அதற்குப் பின்னால் வளைந்து ஏறும் மரப்படிக்கட்டு. "இதேதான்" என்றாள். சட்டப்படி வாயை மூடிக்கொண்டு டேப்பை இழுத்தோம். மேசையில் ஒரு பெரியவர் துணி வெட்டிக்கொண்டிருந்தார். தபால் நிலையத்தில் எதற்குத் துணி வெட்டுகிறார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்தப் படிக்கட்டைப் பார்த்த பிறகு எனக்கு எதுவுமே தோன்றவில்லை.

அது தையற்காரர் வீடு, அத்தை! அவரோ எங்களைத் தெருவை அகலப்படுத்த வந்த கார்ப்பரேஷன் ஆட்கள் என்று நினைத்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் டேப், வணக்கம்கூடச் சொல்லாத முகம், வேறு யார் அப்படி வருவார்கள்? அவர் மனைவியின் காதில் ஏதோ சொல்ல, அந்தம்மா தெருவுக்கே சேதி சொல்லப் பின்வாசல் வழியாக ஓடியிருக்கிறார். நாங்கள் உள்ளே படி படியாக அளந்துகொண்டிருக்க, வெளியே தெருவே அல்லோலகல்லோலப்பட்டிருக்கிறது. முடிதிருத்துபவர் நீட்டிக் கட்டியிருந்த தார்ப்பாயைச் சுருட்டினார், சைக்கிள் கடைக்காரர் பெயர்ப்பலகையைக் கழற்றினார், மாடிவீட்டு அம்மா பூந்தொட்டிகளை உள்ளே இழுத்தார், ஒருவர் தன் வாசற்படியையே கடப்பாறையால் பெயர்த்து எறிந்துவிட்டார். ஒன்றும் தெரியாமல் நாங்கள் வெளியே வந்தால், தெரு கழுவித் துடைத்த மாதிரி கிடக்கிறது! இரண்டு பக்கமும் மரப் பால்கனிகள், நடுவில் சரிந்து இறங்கும் கல்பாதை, கீழே வெயிலில் ஆறு, அதில் ஒரு படகு. அந்த நிமிஷம் விழுந்தவள்தான் அத்தை, இன்னும் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் தையற்காரர் மனைவி என் கையைப் பிடித்தார். "ஏம்மா, எதுவரைக்கும் இடிப்பீங்க? சொல்லிட்டா சாமானையாவது எடுத்துக்குவோம்."

"இடிக்கிறதா? நாங்க படிக்கிற பிள்ளைங்கம்மா. வரையத்தான் வந்தோம்."

"வரையவா? இந்த வீட்டையா?"

அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார். பிறகு எங்களைத் திட்டினார். பிறகு, திட்டிக்கொண்டே இருக்கும்போது, சிரிப்பு வந்துவிட்டது. திசைகாட்டி மட்டும், "அப்ப இது போஸ்ட் ஆபீஸ் இல்லையா?" என்று கேட்டாள். கடப்பாறைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் கடப்பாறையோடுதான் எங்களிடம் வந்தார். பேராசிரியரைத் தேடிப்பிடித்து வந்தோம். அவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு சிமென்ட் குழைக்க, நாங்கள் கல் சுமக்க, வாசற்படியைத் திரும்பக் கட்டிக்கொடுத்தோம். கொஞ்சம் சாய்வாகத்தான் வந்திருக்கிறது. அன்றிலிருந்து எந்தச் சந்தில் போனாலும் ஏதாவது ஒரு ஜன்னல் திறந்து "ஏ கார்ப்பரேஷன்! எங்க வீட்டை எப்ப இடிக்கப் போறே?" என்று கேட்கிறது. நம் தெருவில் இருபது வருஷமாக என்னை யாரும் இவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டதில்லை.

பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் அலுவலகம் ஒன்று இங்கே இருக்கிறது. அதை நடத்துகிற அம்மா என் படிக்கட்டு வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஆறு மாசம் எங்ககூட இரு. தெரு முழுக்க வரை. இந்தத் தடவை கேட்டுட்டு அள" என்றார். தையற்காரர் வீட்டு மாடியறையே எனக்குத் தங்க இடம். இனி அப்பாதான் பாக்கி. பக்கத்து ஊருக்குப் போனால்கூட நடத்துனரிடம் "பொண்ணைப் பார்த்து இறக்கிவிடுங்க" என்று சொல்லிவிட்டு, பஸ் மறையும்வரை நிற்கிறவர் அவர். கண்டிப்பாக மறுப்பார், கத்துவார், சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். நீங்கள் இளகிவிடக் கூடாது. பாதுகாப்புக்கு ஒரு பதில், படிப்புக்கு ஒரு பதில், ஊர் வாய்க்கு ஒரு பதில் என்று எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன். என் வாழ்க்கையே உங்கள் வாயில் இருக்கிறது.

மாமாவுக்கு வணக்கம். சின்னவனுக்கு முத்தம். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டதாக நினைத்து ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத
தம்பி மகள்

பின்குறிப்பு: பொறுக்க முடியாமல் நானே அப்பாவைக் கூப்பிட்டுவிட்டேன். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். "உனக்குப் பிடிச்சிருக்குல்ல? சரிம்மா, இரு" என்றார். அவ்வளவுதான், அத்தை. கத்தவில்லை. நான் வைத்திருந்த பதில்களில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. என்னை விட்டுவிட்டு இருப்பது அவருக்கு அவ்வளவு சுலபமா? போனை வைத்ததிலிருந்து அழுதுகொண்டிருக்கிறேன். தையற்காரர் மனைவி முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து உடனே அப்பாவிடம் போய், "முடியாது, ஒழுங்கா வீட்டுக்கு வா" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லச் சொல்லுங்கள். அவர் அப்படிச் சொல்லாவிட்டால் நாளைக்கு நான் ரயில் ஏறிவிடுவேன்.