மாஸ்டர் கட்டாத பெட்டி

மார்பில் ஒட்டியிருந்த வட்டப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து முடித்த பிறகுதான், எந்த ஒயர் எந்த இடத்தில் இருந்தது என்று பார்த்து வைக்கவில்லை என்பது மாஸ்டருக்கு உறைத்தது. கையில் கொத்தாக ஒயர்கள், அவற்றின் முனையில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பெட்டி. எதிரே சட்டையைக் கழற்றிவிட்டு மச்சான், அவர் மனைவியின் தம்பி, நின்றுகொண்டிருந்தான்.

இடம், மச்சானின் மரச்சாமான் கடைப் பின்னறை. உறை பிரிக்காத மெத்தை ஒன்றின்மேல் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். அசைந்தால் அது சலசலத்தது.

"சும்மா ஒட்டுங்க அத்தான். இதயம் எங்க போயிடப் போகுது, உள்ளதான் இருக்கும்," என்றான் மச்சான்.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். பக்கத்து இருக்கையில், காலடியில் தனக்கென்று தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரைத் திட்டித் திட்டியே ஓட்டுநர்களாக்கியவர். பைபாஸ் ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. தையல் ஆறிவிட்டது. ஆனால் போன தடவை டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, முகத்தைக் கொஞ்சம் சுளித்தார். ஒரு முழு நாள் இந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வழக்கம்போல இருக்க வேண்டும். துடிப்பையெல்லாம் அது பதிவு செய்துகொள்ளும். சரியாக இருந்தால் வேலைக்குப் போகக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். இல்லாவிட்டால் என்ன என்று மாஸ்டர் கேட்கவில்லை. வண்டி அவ்வளவுதான் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார்.

காரணம், கொஞ்ச நாளாகவே நெஞ்சுக்குள் திடீர் திடீரென்று தாறுமாறாகப் படபடத்தது. புதிதாக ஓட்டப் பழகுகிறவன் கிளட்சை விட்டால் வண்டி குதிக்குமே, அப்படி. தானாகவே அடங்கியும் விடும். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. வண்டி இல்லாமல் தான் யார் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பயம் ஆபரேஷன் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மச்சானுக்குக் காய்ச்சல்கூட வந்ததில்லை. பீரோவை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் ஏற்றுவான். அவன் ஒரு நாள் கட்டிக்கொண்டால் வேலை முடிந்தது. கேட்டதும் சரி என்று மார்தட்டினான். இப்போது பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், எந்த நிற ஒயர் எங்கே என்று பின்னால் படமே போட்டிருந்தது.

"அப்புறம் என்ன, நான் பாத்து ஒட்டிக்கறேன். நீங்க கிளம்புங்க," என்று மச்சான் பெட்டியையும் மிச்சப் பட்டைகளையும் வாங்கி மேஜைமேல் வைத்தான். அவன் கை கொஞ்சம் வியர்த்திருந்ததை மாஸ்டர் கவனிக்கவில்லை.

பாதி வழியில்தான் அடுத்த சிக்கல் நினைவுக்கு வந்தது. வீட்டில் மனைவி பெட்டியைப் பார்க்கக் கேட்பாளே. மாஸ்டர் தன் செல்போனைக் கைக்குட்டையில் சுற்றி, ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் போட்டு, சட்டைக்குள் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டார். நல்லவேளையாக மனைவி கடைக்குப் போயிருந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

அவளுக்கு அந்தச் சில மாதங்கள் லேசாகப் போகவில்லை. மாத்திரை, கால் வீக்கம், உப்பில்லாத சாப்பாடு, வாசலில் பால்காரர் மணியடித்தாலும் மெதுவாக அடிக்கச் சொல்லிச் சண்டை, எல்லாம் அவள் பொறுப்பு. அதுகூடப் பரவாயில்லை. மாஸ்டர் கார் இல்லாத குறையை வீட்டில் தீர்த்துக்கொண்டிருந்தார். அவள் குழாயைத் திறந்தால், "மெதுவா, மெதுவா விடு," என்பார். அடுப்படியில் திரும்பினால், "பின்னாடி பாத்துத் திரும்பு," என்பார். இந்த மனிதர் வேலைக்குப் போனால்தான் தனக்கு வீடு திரும்பக் கிடைக்கும் என்று அவள் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள்.

வந்தவள் பையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அப்போது பார்த்து மாஸ்டரின் மார்பு ஒலித்தது. கார் பள்ளி முதலாளியாகத்தான் இருக்க வேண்டும். இந்த வாரம் வராவிட்டால் வேறு ஆள் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

"என்னங்க அது?"

"துடிப்பு நல்லா இருந்தா அப்பப்ப மணி அடிக்கும்."

மணி நிற்கவில்லை. முதலாளி பொறுமைசாலி.

"ரொம்ப நல்லா இருக்கு போல, விடாம அடிக்குதே," என்றாள் மனைவி, சிரிக்காமல்.

மாஸ்டர் குளியலறைக்குள் ஓடி மணியை அமுக்கினார். ஓடிய ஓட்டத்தில் படபடப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அது அடங்கும்வரை நின்றார். பிறகு, சந்தேகம் வரக்கூடாதே என்று, டாக்டரம்மா மாடிப்படி ஏறிப் பார்க்கச் சொன்னார் என்று வலியப்போய்ச் சொன்னார். வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தார். வாங்க, நானும் வரேன் என்று அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வினையை விலைக்கு வாங்கிய மாதிரி ஆயிற்று. அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மூச்சு வாங்குவதை மறைக்க ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஏறினார். பாதிப் படியில் மனைவிதான் முதலில் உட்கார்ந்தாள்.

"பாத்தியா, ஆபரேஷன் ஆனவன் நான். மூச்சு வாங்கறது உனக்கு," என்றார் மாஸ்டர், பக்கத்தில் உட்காரக் கிடைத்த சாக்கில் மகிழ்ந்து.

"வயசாகுதுல்ல," என்றாள் அவள். இரண்டு பேரும் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமான புதிதில் இப்படிச் சும்மா உட்கார்ந்தது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். அவளிடம் படபடப்பைச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சொல்லவில்லை.

மறுநாள் மச்சான் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். தூக்கம் எப்படி என்று கேட்டதற்கு, அடிச்சுப் போட்ட மாதிரி என்றான். ஒயர்களைத் தன் மார்பில் மறுபடி ஒட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் போய் அப்பாவியாகக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார் மாஸ்டர்.

மதியமே ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. உடனே வரச் சொன்னார்கள். கையெழுத்துப் போடத்தான் இந்த அவசரம் என்று மாஸ்டர் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டார். மச்சான் வண்டி ஓட்டினான். வழியெல்லாம் மாஸ்டர் அவனுக்கு கியர் சொன்னார். போனதும் மனைவி அவருடைய மாத்திரை வாங்க மருந்துக் கவுன்டர் வரிசையில் போய் நின்றாள். மச்சான் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தான்.

டாக்டரம்மா மாஸ்டரை உட்காரச் சொல்லிவிட்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"தூக்கத்துல உங்க இதயம் பல தடவை நின்னு நின்னு ஓடியிருக்கு. நீங்க நடந்து வந்ததே பெரிய விஷயம். இன்னிக்கே அட்மிட் ஆகணும், பேஸ்மேக்கர் வெச்சாகணும்."

மாஸ்டருக்கு முதலில் வந்தது நிம்மதி. நம்முடையது இல்லை என்ற நிம்மதி. அது ஒரு நொடிகூட நிற்கவில்லை. பிறகு வந்தது வெட்கம். தன்னை நம்பிச் சட்டையைக் கழற்றி நின்றவன் வெளியே உட்கார்ந்திருக்கிறான். ஒன்றுவிடாமல் சொன்னார், தன் படபடப்பையும் சேர்த்து.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உங்களோடது பைபாஸுக்கு அப்புறம் நிறைய பேருக்கு வர்றதுதான். பெரும்பாலும் மருந்துல கட்டுப்படுத்திடலாம். வாயத் திறந்து சொல்லியிருந்தா போதும். அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல, அதைக் கட்டிக்கிட்டவரைக் கூட்டிட்டு வாங்க. நடக்க விடாதீங்க."

வாசலில் ஒரு சக்கர நாற்காலி இருந்தது. சிப்பந்தி வரும்வரை மாஸ்டர் காத்திருக்கவில்லை, தானே தள்ளிக்கொண்டு போனார். நெஞ்சு குதிக்க ஆரம்பித்தது. குதித்தால் குதிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"யாருக்கு அத்தான் இது?" என்று எழுந்தான் மச்சான்.

"எழுந்திருக்காதே. உனக்குத்தான்." வாழ்நாளில் யாரிடமும் பேசாத மெதுவான குரலில் மாஸ்டர் சொன்னார். "பயப்படாதே மச்சான். பெட்டில காட்டியிருக்கு. சரி பண்ணிடலாம்னு சொல்றாங்க. நான் கூடவே இருக்கேன், எங்கயும் போகமாட்டேன். உட்காரு."

மச்சான் உட்காரவில்லை. மாஸ்டரைத் தாண்டி, வரிசையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தான்.

"எனக்கு என்ன இருக்குன்னு காட்டிடுமோன்னு பயந்துட்டேன் அத்தான்; அந்தப் பெட்டியக் கட்டிக்கிட்டது அக்கா."