அச்சுப் பிழையும் என் பிழைப்பும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு ஜனநாயகத்தைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன்.

எட்டு ஐம்பத்தைந்து வரை எனக்கு அப்படியொரு எண்ணமே கிடையாது. எட்டு ஐம்பத்தைந்துக்குத்தான் என் மனைவி ஒரு பெயின்ட் டப்பாவையும் உப்புத்தாளையும் கொண்டுவந்து என் நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"ஜன்னல் கம்பியெல்லாம் துரு. நல்லா சுரண்டிட்டு அடிச்சிடுங்க."

"இன்னிக்கா?"

"போன வருஷமும் சொன்னேன். அப்பவும் 'இன்னிக்கா'ன்னுதான் கேட்டீங்க."

ஆபத்தில் என் மூளை மிக வேகமாக வேலை செய்யும். மற்ற நேரங்களில் அது ஓய்வெடுக்கும்.

"இன்னிக்கு முடியாதும்மா. நம்ம தொகுதி சட்டமன்ற உறுப்பினர் இந்த அஞ்சு வருஷத்துல எந்தெந்தத் தீர்மானத்துக்கு எப்படி ஓட்டுப் போட்டார்னு ஒண்ணு விடாம எடுக்கப்போறேன். எடுத்து, நேருக்கு நேர் நிக்கவெச்சுக் கேக்கப்போறேன்."

"ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னா நாட்டுக்கே அடிக்கக் கிளம்பிட்டீங்களா?"

"நம்ம ஓட்டை வாங்கிட்டுப் போனவர் அங்க போய் என்ன ஓட்டுப் போடறார்னு யாராவது கேக்க வேண்டாமா?"

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டாள்.

"சரி, செய்யுங்க."

இருபத்திரண்டு வருட இல்லறத்தில் இவ்வளவு சுலபமாக ஒரு 'சரி' கிடைத்தால் புத்திசாலி பயப்பட வேண்டும். நான் பயப்படவில்லை. மேற்கொண்டு நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். அதாவது, பிழை பார்த்தே பிழைக்கிறவன். என் வழுக்கையைக் கிண்டல் செய்யுங்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். என் சமையலைக் குறை சொல்லுங்கள், மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். நான் பார்த்த பக்கத்தில் பிழை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு முறை சோப்பு உறையில் ஓர் ஒற்று விட்டுப் போனதற்காக அந்தக் கம்பெனிக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். அது எங்கள் அச்சகத்தில் அடித்த உறைகூட இல்லை.

எங்கள் மாநிலச் சட்டமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் எங்கள் அச்சகத்தில்தான் அச்சாகின்றன. யார் என்ன பேசினார், யார் 'ஆம்' என்றார், யார் 'இல்லை' என்றார், எல்லாம் அதில் இருக்கும். ஐந்து வருடமாக அத்தனை பக்கமும் என் கண் வழியாகத்தான் போயிருக்கின்றன. கண்ணோடு நின்றுவிட்டன. மூளைக்குள் ஒரு பக்கம்கூட நுழைந்ததில்லை. மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு மெய்யைப் பார்க்கச் சம்பளம் கிடையாதே!

ஆக, ஏழு தடித்த தொகுதிகளை வீட்டுக்குத் தூக்கிவந்தேன். ஞாயிறுதோறும் சோபாவில் படுத்து, ஒரு தொகுதியை மார்பின் மேல் விரித்து, கண்ணை மூடி ஆராய்ச்சி செய்தேன். ஆழமான ஆராய்ச்சி. சில சமயம் குறட்டைகூட வந்தது என்றார்கள்.

மூன்றாவது ஞாயிறு, என் மார்பின் மேலிருந்த தொகுதியை யாரோ உருவினார்கள். கண் விழித்தேன். மனைவி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்த முந்நூத்திப் பதினேழாம் பக்கத்தைப் படிச்சீங்களா?"

"மூணு தடவை படிச்சேன். ஒரு பிழைகூட இல்ல."

"பிழை இல்லையா! நல்லாப் பாருங்க."

பார்த்தேன். சிறு மருந்தகங்கள் இணைப்புச் சட்டம். தெருமுனைகளில் இருக்கும் சின்ன அரசு மருந்தகங்களை மூடிவிட்டு, எல்லாரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சட்டம். வாக்களித்தோர் பட்டியலில் நம் உறுப்பினர் பெயர். அதற்கு நேரே 'ஆம்'.

நம் உறுப்பினருக்கு ஊரில் 'கையாட்டி' என்று பெயர். காரில் போனாலும் கையாட்டுவார், நடந்து போனாலும் கையாட்டுவார். ஆள் இல்லாவிட்டால் விளக்குக் கம்பத்துக்கு ஆட்டுவார். போன வருடம் எங்கள் தெருமுனை மருந்தகத்தின் படியில் நின்று, "இந்தக் கதவை மூடறதா இருந்தா என்னையும் உள்ள வெச்சு மூடட்டும்!" என்று கண் கலங்கியவர். அவர் கை கொடுப்பார் என்று கூட்டமே கை தட்டியது. சட்டமன்றத்துக்குப் போனார், கை தூக்கினார், எங்களைக் கைவிட்டார்.

அந்த மருந்தகத்தில் மருந்து எடுத்துக் கொடுப்பவள் என் மனைவி.

"உன் வேலை போயிடுமா?" என்று கேட்டேன்.

"என்னை வேற எங்கயாவது தூக்கிப் போடுவாங்க. அது பெரிசில்ல. பக்கத்து வீட்டுத் தையற்காரர் சம்சாரத்துக்கு மூச்சு வாங்கினா, அஞ்சு நிமிஷத்துல எங்கிட்ட வந்துடறாங்க. பெரிய ஆஸ்பத்திரி பதினாலு கிலோமீட்டர். ரெண்டு பஸ் மாறணும். அந்த அம்மா ரெண்டாவது பஸ் ஏறுவாங்களா?"

நான் அந்த 'ஆம்'மை மறுபடியும் பார்த்தேன்.

"எந்தெந்த மருந்தகத்தை மூடறதுன்னு பட்டியல் அடுத்த மாசம் ஓட்டுக்கு வருதாம். வர்ற சனிக்கிழமை அவரு நம்ம தெருவுல பஸ் நிழற்குடை திறக்க வர்றாரு. அங்க வெச்சுக் கேட்டாத்தான் உண்டு."

"கேளேன்."

"நான் அரசாங்கச் சம்பளம் வாங்கறவ. எழுந்து கேட்டா மறுநாளே விளக்கம் கேட்டுக் கடிதாசி வரும். நீங்கதானே நேருக்கு நேர் நிக்கவெச்சுக் கேக்கறேன்னீங்க?"

நான் சொன்னதை என்னிடமே திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இவளுக்கு உண்டு. அதுவும் வட்டியோடு.

அன்றிலிருந்து தினமும் ஒத்திகை. கண்ணாடி முன் நான், பின்னால் அவள்.

"ஐயா, தாங்கள் தவறாக நினைக்காவிட்டால், தங்கள் நேரம் அனுமதித்தால்..."

"கேள்வி கேக்கறீங்களா, லீவு கேக்கறீங்களா?"

"ஒரு மரியாதை வேண்டாமா?"

"மரியாதையா நிமிர்ந்து நில்லுங்க. முதுகுல கேள்விக்குறி போடாதீங்க. கேள்வி வாயிலதான் வரணும்."

சனிக்கிழமை மாலை. நிழற்குடைக்குப் பக்கத்திலேயே மேடை. மேடை நிழற்குடையைவிடப் பெரியது. உறுப்பினர் வந்தார், கையாட்டினார், பேசினார். நான் முதல் வரிசை. மனைவி மூன்றாவது வரிசை. பேச்சு முடிந்ததும் எழுந்தேன். கால் இரண்டும் தனித்தனியாக ஆடின.

"ஐயா... நான்... முந்நூத்தி..."

கையில் இரண்டு போன் வைத்திருந்த உதவியாளர் உறுப்பினரின் காதில் ஏதோ சொன்னார். உறுப்பினர் முகம் மலர்ந்தது.

"அடடா, யாரோ பெரிய அறிவாளி போல இருக்காரு! கண்ணாடியைப் பாத்தாலே தெரியுதே! ஐயா, நீங்க கீழ நிக்கலாமா? மேல வாங்க. என் பக்கத்துல உக்காருங்க!"

என்னை அறிவாளி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. வீட்டில் அந்தச் சொல் புழக்கத்திலேயே இல்லை. எப்படி ஏறினேன் என்று தெரியாது, மேடையில் மெத்தை வைத்த நாற்காலியில் இருந்தேன். கையில் குளிர்ந்த சோடா. கொஞ்ச நேரத்தில் மைக்கும் வந்துவிட்டது.

"ரெண்டு வார்த்தை சொல்லுங்கய்யா!"

சொன்னேன். "நம் உறுப்பினர் மிக எளிமையானவர். இவர் கையாட்டினால் தெருவுக்கே காற்று வருகிறது."

கைதட்டல். நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மாத்திரை அட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதி பார்ப்பாளே, அதே பார்வை.

சோடாவில் முகத்தை மறைத்துக்கொண்டேன். அச்சுத் தொழிலில் இருந்தாலும் எனக்கு எப்போதும் கைகொடுப்பது அச்சம்தான்.

அப்போது கூட்டத்தில் இன்னொருவர் எழுந்தார். பக்கத்து வீட்டுத் தையற்காரர். கழுத்தில் அளவு நாடா, கையில் ஒரு தாள்.

"சார், நம்ம மருந்தகத்தை மூடற சட்டத்துக்கு நீங்க 'ஆம்'னு ஓட்டுப் போட்டதா முந்நூத்திப் பதினேழாம் பக்கத்துல இருக்கு. இங்க வந்து அழுதீங்க, அங்க போய்க் கை தூக்கினீங்க. எது நெசம்?"

உதவியாளர் மறுபடியும் காதில் ஏதோ சொன்னார். உறுப்பினர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இதுக்கா இவ்வளவு கோபம்? தம்பி, அது அச்சுப் பிழை! நான் 'இல்லை'ன்னுதான் போட்டேன். அச்சகத்துல இருக்கற தூங்குமூஞ்சிங்க 'ஆம்'னு அடிச்சுட்டானுங்க. நான் என்ன செய்ய?"

சோடா பாட்டில் என் கையிலிருந்து நழுவியது.

பிறகு நடந்தது எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. எழுந்தேன் என்கிறார்கள். மைக்கைப் பிடுங்கினேன் என்கிறார்கள். கால் ஆடவே இல்லையாம்.

"என்ன சொன்னீங்க? அச்சுப் பிழையா? அந்தப் பக்கத்தை மூணு தடவை பாத்தவன் நான்! அந்தத் தூங்குமூஞ்சி நான்தான்! ஆவன்னா, அப்புறம் ஒரு ம். மொத்தம் ரெண்டெழுத்து. 'இல்லை' மூணெழுத்து. இடமே வேற பிடிக்கும். எந்த அச்சகத்துலய்யா மூணெழுத்து சுருங்கி ரெண்டெழுத்தாகும்?"

"ஐயா, நீங்க கொஞ்சம் உக்காந்து..."

"உக்கார மாட்டேன்! அச்சாகறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் உங்க பார்வைக்கு வந்துச்சு. ஞாபகம் இருக்கா? திருத்தம் போட்டு, கையெழுத்தும் போட்டு அனுப்பினீங்க. என்ன திருத்தம் தெரியுமா? உங்க பேருக்கு முன்னாடி 'மாண்புமிகு' விட்டுப்போச்சாம்! சிவப்பு மசியில ரெண்டு அடிக்கோடு! மாண்புமிகு கண்ணுல பட்டுச்சு, அதே வரியில இருந்த 'ஆம்' கண்ணுல படலையா?"

முதலில் தையற்காரர்தான் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. ஆடிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உறுப்பினர் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"சரி சார், அடுத்த மாசம் பட்டியல் வருதே? அதுக்கு என்ன போடுவீங்க?" என்றார் தையற்காரர்.

"இல்லைன்னுதான்."

"எழுதிக் குடுங்க!" என்று நாலு பக்கமும் குரல் வந்தது.

எழுதினேன். கடைசி வரியை அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'வாக்களிப்பேன்' என்பதற்கு எத்தனை ப் என்று கேட்டார். ஒன்று என்று சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் வாக்கெடுப்பு நடந்தது. எங்கள் மருந்தகத்தைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று அவரே எழுந்து பேசினாராம், மறுபடியும் கண் கலங்கினாராம். எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் மெய்ப்புக்கு என்னிடம்தான் வந்தது. மூடும் பட்டியலுக்கு, அவர் பெயருக்கு நேரே 'இல்லை'. ஏழு தடவை பார்த்தேன். தையற்காரர் சம்சாரம் அன்றைக்கும் ஐந்து நிமிடத்தில் நடந்துபோய் மருந்து வாங்கிக்கொண்டு, வழியில் என்னைப் பார்த்து, "நீங்க நல்லா இருக்கணும்ணே" என்றார். சலூனில் எழுந்து இடம் கொடுத்தார்கள். என் தலைக்குச் சலூனில் வேலையே இல்லை. இருந்தாலும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்தச் சம்பவத்தை ஒன்பதாவது தடவையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுஷன் வேற என்ன சொல்லியிருந்தாலும் தப்பிச்சிருப்பாரும்மா. 'ஞாபகம் இல்ல'ன்னு சொல்லியிருக்கலாம். 'கட்சி சொல்லிச்சு'ன்னு சொல்லியிருக்கலாம். போயும் போயும் என் முன்னாடி அச்சுப் பிழைன்னாரு பாரு! எந்த முட்டாள் அவருக்கு இந்த யோசனையைக் குடுத்தானோ!"

அவள் ஒரு சட்டையை உதறினாள்.

"முந்தின நாள் அவரோட உதவியாளர் மருந்தகத்துக்கு வந்தாரு, தலைவலி மாத்திரைக்கு. 'நாளைக்கு மருந்தகத்தைப் பத்தி யாராச்சும் கேட்டா என்ன சொல்றதுன்னே தெரியலம்மா'ன்னு புலம்பினாரு. பாவமா இருந்துச்சு. அச்சகத்துக்காரங்க தலையில போட்டுடுங்க சார், அவங்க யாரு வந்து கேக்கப்போறாங்கன்னு சொல்லி அனுப்பினேன்."

"நீயா? எதுக்கு?"

"மேடையில ஒரு நாற்காலி குடுத்தா நீங்க எதுக்குமே எழுந்திருக்க மாட்டீங்கன்னு தெரியும். அச்சுப் பிழைன்னா மட்டும் எழுந்திருப்பீங்க. அதான் கேள்வியைத் தையற்காரர்கிட்டயும் பதிலை உதவியாளர்கிட்டயும் குடுத்துவெச்சேன்."

நான் வாயைத் திறந்தேன். "அப்போ அந்த முட்டாள்..." என்று மட்டும் வந்தது.

"முட்டாள் இல்லைங்க," என்றாள், சட்டையை மடித்து என் மடியில் வைத்தபடி. "முட்டாளோட பொண்டாட்டி."