தொண்டைக்கு ஓய்வு

நம் ஜோகூரில் ஒரு புதிய இனம் பெருகிக்கொண்டிருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேட்டிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் இவர் பாடகர்.

இசைக் கல்லூரியில் குரல் நுட்பமும் உலகத் தாள மரபுகளும் படிக்கிற பாடகர். படிக்கப் போவதற்கு முன்னால் இவர் பாடிக்கொண்டுதான் இருந்தார். குளியலறையில் பாடினார், பள்ளி விழாவில் பாடினார், தைப்பூசத்தில் காவடிக்குப் பின்னால் நடந்துகொண்டே பாடினார், கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பாடினார். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே, தொண்டைக்குள் என்னென்ன இருக்கிறது, அது எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று பெரிய திரையில் படம் போட்டுக் காட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து இவர் பாடுவதில்லை. பாதுகாக்கிறார்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். முப்பத்துமூன்று டிகிரி வெயிலில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருப்பார். மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஊரே தே தாரிக் என்கிற நுரைத் தேநீர் குடிக்கும்போது இவர் மட்டும் 'ஆயர் சுவாம்' என்று வெதுவெதுப்பான தண்ணீர் கேட்பார். வந்ததும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, சூடு ஒரு பங்கு கூடிவிட்டது என்று திருப்பி அனுப்புவார். எதிர் மேசையில் ஒரு குழந்தை ஐஸ் கச்சாங் தின்றால் இவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார். நீங்கள் தும்மினீர்களோ, அந்த நட்பு அத்தோடு சரி. சுகமா என்று கேட்டால் பதில் வராது. உங்கள் வயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீங்கள் மார்பிலிருந்து மூச்சு விடுகிறீர்கள், அடிவயிற்றிலிருந்து விட வேண்டும் என்பார். ஐம்பது வருஷமாக ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவனிடம் சொல்கிற பேச்சா இது?

தாள விஷயம் தனி. இவர் கைக்கு எட்டிய எதுவும் சும்மா இருக்க முடியாது. மேசை, பிஸ்கட் டின், பஸ் இருக்கை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முதுகு, எல்லாம் வாத்தியம்தான். சிங்கப்பூர் பாலத்து நெரிசலில் கார் நின்றால் ஸ்டியரிங்கில் இடது கை மூன்றும் வலது கை இரண்டுமாகத் தட்டுவார்; பின்னாலிருந்து ஹார்ன் அடித்தால் அதையும் தாளத்தில் சேர்த்துக்கொள்வார். கோயில் திருவிழாவில் உறுமி அடிக்கிற பையன்களை நடுவில் நிறுத்தி, நீங்கள் அடிப்பது மேற்கு ஆப்பிரிக்காவில் இன்ன ஊரில் இன்ன பெயரில் இருக்கிறது, கியூபாவில் அதன் தம்பி இருக்கிறான், ஜாவாவில் சித்தப்பா இருக்கிறார் என்று வம்சாவளி சொல்வார். பையன்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அண்ணன் ஒரு தட்டு தட்டிக் காட்ட வேண்டும் என்று உறுமியை நீட்டினார்கள். அண்ணன் மணிக்கட்டைச் சுழற்றிப் பார்த்தார். இன்னும் சூடாகவில்லை என்றார்.

இதற்கெல்லாம் சிகரம் ஒன்று உண்டு. அதற்குக் குரல் ஓய்வு என்று பெயர். நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பிருந்து வாயைத் திறக்கக் கூடாதாம். சொல்ல வேண்டியதைக் கைப்பேசியில் தட்டுவார். அது ஒரு பெண் குரலில், செய்தி வாசிக்கிற தோரணையில், சபைக்கே அறிவிக்கும். "ஒரு ரொட்டி சானாய். வெங்காயம் வேண்டாம். நன்றி." கடையில் எல்லோரும் அந்த அம்மாள் எங்கே என்று தேடுவார்கள்.

பொதுவாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சரணைச் சொல்கிறேன்.

கெலாங் பாத்தாவில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்தது கண்ணையா அண்ணனின் இரும்புச் சாமான் கடை. சரண் அவருடைய ஒரே மகன். பத்து வயதில் சிமெண்ட் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து ஒரு முருகன் பாட்டு பாடுவான். ஆணி வாங்க வந்தவர்கள் ஆணியை மறந்து நிற்பார்கள். கண்ணையா அண்ணனுக்கு இசை ஞானம் என்று எதுவும் கிடையாது. தேசிய கீதத்துக்கே எல்லோரும் எழுந்த பிறகுதான் எழுந்திருப்பார். அவருக்குத் தெரிந்த பாட்டு மகனுடைய அந்த முருகன் பாட்டு ஒன்றுதான்.

மகனைக் கணக்காளர் ஆக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் மனைவி வேதநாயகி ஆச்சிதான் குறுக்கே நின்று, பையனுக்குக் குரல் இருக்கிறது, இசைக் கல்லூரிக்குத்தான் போவான் என்று பிடிவாதம் பிடித்து அனுப்பிவைத்தார். சொந்தக்காரர்கள் விடுவார்களா? பையன் என்ன படிக்கிறான், பாடத்தானே போனான், எங்கே பாடினான் என்று மூன்று வருஷமாகக் குடைந்தார்கள். ஆச்சி எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். வீட்டுக்காரருடைய மணிவிழாவுக்கு வாருங்கள், கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள். அந்த அறுபதாம் கல்யாணத்தில் மகன் பாடப் போகிற பாட்டின் மேல்தான் அவர் தன் வாக்கு மொத்தத்தையும் வைத்திருந்தார். அண்ணன் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. "மேடை வேணாம், மைக்கு வேணாம். அந்தப் பாட்டுல நாலு வரி போதும்பா" என்றார். கைப்பேசிப் பெண்மணி, "முயற்சி செய்கிறேன்" என்று பதில் சொன்னாள்.

மணிவிழா அன்று காலை கோயில் மண்டபத்தில் இருநூறு பேர். முதல் காரியமாக சரண் குளிர்சாதனத்தை நிறுத்தச் சொன்னான். வறண்ட காற்று ஆகாதாம். பிறகு மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னான், தூசி ஆகாதாம். இருநூறு பேரும் அழைப்பிதழால் விசிறிக்கொண்டார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளைக்கு, அதாவது அறுபது வயது மாப்பிள்ளைக்கு, நெற்றியில் பூசிய விபூதி வேர்வையில் கரைந்து மூக்கு வரைக்கும் வந்துவிட்டது.

சரண் அப்போது சமையல்கட்டுக்குப் பின்னால் குரலைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். உதட்டைப் படபடவென்று அதிர வைத்து ஊதுவது ஒரு பயிற்சி. அடிக்குரலிலிருந்து மெல்ல மேலே ஏறி, பாம்புச் சீற்றம் போல் 'ஸ்ஸ்' என்று நீட்டுவது இன்னொன்று. சமையல்காரர் ஐயாசாமி அதைக் கேட்டு, எரிவாயு கசிகிறது என்று முடிவு செய்து, அத்தனை அடுப்பையும் அணைத்து, ஆட்களை வெளியே துரத்திவிட்டார். சாம்பார் பாதியில் நின்றது. பாயசம் தொடங்கவே இல்லை. உண்மை தெரிந்து அடுப்பை மறுபடி பற்றவைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஒருவழியாக சரண் முன்னால் வந்து நின்றான். சபை அடங்கியது. ஆச்சி கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு, கேள்வி கேட்ட சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன். மூன்று வருஷக் காத்திருப்பு அதில் இருந்தது.

பையன் பாடவில்லை. இந்தப் பாட்டின் தாளத்தைச் சபை முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தான். வலது பக்கம் உட்கார்ந்தவர்களை மூன்றும் இடது பக்கத்தவர்களை நான்குமாகக் கைதட்டச் சொன்னான். தட்டினார்கள். தப்பு என்றான். மறுபடி தட்டினார்கள். ஆப்பிரிக்காவில் ஐந்து வயதுக் குழந்தைகூட இதைச் சரியாகத் தட்டும் என்று வருத்தப்பட்டான். அடிவயிறு, விலா, மூச்சுத் தாங்கல் என்று விளக்கிக்கொண்டே போனான். இருபத்தைந்து நிமிடம். பின் வரிசையில் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்கள். மூச்சு என்னவோ அடிவயிற்றிலிருந்துதான் வந்தது.

திடீரென்று தொண்டையில் கை வைத்தான். கண்ணை மூடினான். கைப்பேசியை எடுத்துத் தட்டினான். அந்தப் பெண்மணி, வாடாத குரலில், இருநூறு பேருக்கும் அறிவித்தாள். "என் குரல் களைத்துவிட்டது. இன்று பாடினால் சேதமாகும். பொறுத்தருளவும்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணையா அண்ணன் இன்னும் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுவும் பாட்டுக்கு முன்னால் வருகிற ஏதோ ஒரு பாகம் என்று நினைத்தார் போலிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கைப்பேசியைப் பிடுங்கி சாம்பார் அண்டாவில் போட்டிருப்பேன்.

வேதநாயகி ஆச்சி மாலையும் கழுத்துமாக நின்ற இடத்திலேயே அந்த முருகன் பாட்டைப் பாட ஆரம்பித்தார்.

ஆச்சி பாடி நான் கேட்டதில்லை. அண்ணனும் கேட்டதில்லை என்று அவர் திரும்பிய வேகத்தில் தெரிந்தது. குரல் கரகரத்தது. இரண்டாவது வரியில் ஒரு சொல்லின் நடுவில் மூச்சு முட்டி, நின்று, இருமி, விட்ட இடத்திலிருந்து எடுத்தார். மூன்றாவது வரியை இரண்டு தடவை பாடினார். நான்காவது வரி முன் வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. அண்ணன் விபூதியோடு சேர்த்துக் கண்ணையும் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்தேன், வேர்வை என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்போதுதான் சரணுக்குக் குரல் திரும்பியது. அம்மாவிடம் குனிந்து, பரிவாகத்தான் சொன்னான். "ஆத்தா, ரெண்டாவது வரியில மூச்ச தப்பான எடத்துல எடுத்துட்டீங்க."

கண்ணையா அண்ணன் மகனைப் பார்த்தார். "எங்க வேணும்னாலும் எடுத்துட்டுப் போறா லா, தம்பி. அவ பாடுனா."

சரணின் கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது. பந்தியில் அவன் யாருக்கும் எதுவும் விளக்கவில்லை. அவனைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும். ஆச்சியிடம் மட்டும் யாரும் எதுவும் குடையவில்லை. பாயசம் இல்லாததைக்கூட ஒருவரும் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, நல்ல வேளை நான் இசைக் கல்லூரிக்குப் போகவில்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருங்கள். ஒரு சின்னச் சோதனை. ஆச்சி பாடினார் என்று நான் எழுதினேனே, அது எந்த ராகம், என்ன சுருதி, மூச்சு எந்தச் சொல்லில் முட்டியது, இதையெல்லாம் இவன் ஏன் எழுதவில்லை என்று மனத்துக்குள் ஒரு குறை எழுந்ததா? எழுந்திருந்தால் நீங்கள் கல்லூரியில் சேர வேண்டிய அவசியமே இல்லை. படிப்பை எப்போதோ முடித்துவிட்டீர்கள்.