கவர்னர் என்பது என் பன்றி

மாசசூசெட்ஸ் மேற்கு மலைப்பக்கம்,
1787 டிசம்பர்

கர்த்தருக்குள் பிரியமான தங்கை மகன் லெமுவேலுக்கு மாமன் ஓபதியா விட்காம்ப் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், மாடுகளும் சுகம். உன் சுகத்தை இந்தக் கடிதத்தை நீ படித்து முடித்த பிறகு விசாரிக்கிறேன்.

நீ எனக்கு அநியாயம் செய்துவிட்டாய். பன்றி பிடிக்கப் போனவனை உன் பத்திரிகையில் கலகக்காரனாக்கிவிட்டாய்.

நடந்தது இதுதான். போன ஜனவரியில், வரி கட்ட வெள்ளிக்காசு இல்லாத குடியானவர்கள் கோர்ட்டுகளை மறித்துத் துப்பாக்கியும் கையுமாகத் திரிந்தார்கள் அல்லவா, அந்த வாரம் பார்த்து என் பன்றி பட்டியை உடைத்துக்கொண்டு ஓடியது. தின்பதைத் தவிர வேறு வேலை தெரியாததால் அதற்குக் கவர்னர் என்று பெயர். நானும் பக்கத்துப் பண்ணை சைலஸும் இன்னும் நாலு பேரும் வைக்கோல் வாரும் கவைக்கோலோடு பனியில் துரத்தினோம். என் தொப்பியில் ஓட்டை. குளிர் ஏறாமலிருக்க ஹெம்லாக் மரத்து இலைக்கொத்து ஒன்றைச் செருகியிருந்தேன். கலகக்காரர்களுக்கும் அதே கொத்துதான் அடையாளம் என்றால் அதற்கு நானா பொறுப்பு? கலகத்துக்கு முன்பே ஓட்டை இருந்தது.

அந்தப் பாழாய்ப்போன பன்றி நேரே மாஜிஸ்திரேட் தோட்டத்தில் நுழைந்தது.

"கவர்னரை விடாதே! காலைப் பிடிச்சுக் கட்டு!" என்று சைலஸ் கத்தினான்.

"இழுத்துட்டு வாங்க! இன்னிக்கே வெட்டி உப்புக்கண்டம் போட்டுடறேன்!" என்று பின்னாலேயே ஓடிவந்தாள் உன் அத்தை மெஹிதபெல்.

மாடி ஜன்னல் திறந்தது. "அடப்பாவிகளா! கவர்னரையா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"உங்களுக்கும் ஒரு தொடை அனுப்பறேங்க, ஐயா," என்றேன். மரியாதைக்குத்தான் சொன்னேன். மனுஷன் அங்கேயே மயங்கிச் சரிந்தார்.

இதை நீ போஸ்டனில் உட்கார்ந்துகொண்டு, "கவர்னரைக் கொன்று தின்னத் துடித்த அறுநூறு பேர்" என்று எழுதினாய். ஆறுக்குப் பின்னால் இரண்டு சுழி போட எவ்வளவு மை பிடித்தது? அதைப் படித்த பிலடெல்பியாக் கனவான்கள், மாநிலங்கள் தனித்தனியாக இருந்தால் இந்தக் கதிதான், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே பலத்த அரசு வேண்டும், அதற்குப் பட்டாளமும் வரி போடும் அதிகாரமும் வேண்டும் என்று புதிய சாசனமே எழுதிவிட்டார்கள். ஒரு பன்றி தப்பியதற்காக தேசத்தையே பட்டியில் அடைப்பதா? இங்கிலாந்து ராஜாவை விரட்டி, அவர் உட்கார்ந்த நாற்காலியின் சூடுகூட இன்னும் ஆறவில்லையே!

அந்தச் சாசனம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல ஊருக்கு ஒருவரைப் போஸ்டனுக்கு அனுப்பப் போகிறார்கள். திங்கட்கிழமை ஊர்க்கூட்டம். உன் புண்ணியத்தில், கலகக்காரன் என்று நான் மூன்று வருஷம் அங்கே ஓட்டுக்குக் கை தூக்கக் கூடாதாம். விடுதலைப் போரில் துப்பாக்கி பிடித்த கை இது!

ஆகையால் கவர்னர் பன்றிதான் என்று நீ உடனே அச்சிட வேண்டும். மாஜிஸ்திரேட் ஓட்டுப் பட்டியலில் என் பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டும். பிலடெல்பியாக் கனவான்கள் எழுதியதைக் கிழித்துப் போட வேண்டும்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆசீர்வாதம். உனக்கு, அச்சானதைப் பார்த்த பிறகு.

மாமன் ஓபதியா

பி.கு.: பனியில் தபால்காரர் வராததால் கடிதம் மேசையிலேயே கிடந்தது. இதற்குள் ஊர்க்கூட்டமும் முடிந்து, சைலஸ் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணே, போஸ்டனுக்கு உங்களைத்தான் அனுப்பறாங்க!"

"எனக்குத்தான் தடையாச்சேடா?"

"நீங்க கை தூக்கத்தான் தடை. உங்களைத் தூக்கத் தடை இல்லையாம்! கவர்னரையே கட்டப் போன ஆளு, அங்க போய்ப் பயப்படாம பேசுவாருங்கறாங்க."

"அது பன்றின்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேண்ணே. பேப்பர்லயே வந்திருக்கு, நீ என்னடா புளுகறேன்னு என்னை உட்கார வச்சுட்டாங்க."

ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. பன்றியைப் பற்றி நீ மூச்சு விடக் கூடாது. அறுநூறை ஆறாயிரமாக்கினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மெஹிதபெல் என் தொப்பி ஓட்டையைத் தைக்கக் கூடாது. நான் உன் வீட்டில் தங்கி, அங்கே கூடும் சபைக்குப் போய், சாசனம் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். போன வாரம்தான் வெட்டினோம்; கவர்னரின் தொடை ஒன்றைக் கையோடு கொண்டுவருகிறேன். சுட்டுப் பரிமாற வேண்டியது உன் மனைவி பொறுப்பு.