கைப்பிடியில் ஒரு பெயர்

"அப்பா, எனக்கு ஏன் இந்தப் பேரு வெச்சீங்க?"

ஏழு வயதுப் பையன் இப்படிக் கேட்டபோது, கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் அவன் அப்பா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். பையனுக்கு இப்போது மீசை வந்துவிட்டது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

மறுநாள் வகுப்பில் சொல்ல வேண்டுமாம்.

"கிரின்னா மலை. கிரிதரன்னா மலையைத் தாங்கினவன். ஏழு நாள் விடாம மழை கொட்டினப்போ, கண்ணன் ஒரு மலையையே குடையாப் பிடிச்சு, மாடு கன்னோட எல்லாரையும் காப்பாத்தினாரு."

அதோடு முடிந்திருக்கலாம். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவருடைய அப்பா நிமிர்ந்து, "எங்க பெரியப்பா பேருன்னும் சொல்லு" என்றார்.

பேப்பரின் மறுபாதியோடு எதிரே இருந்த மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். "நான் வேண்டிக்கிட்ட சாமி பேருன்னுல்ல மாப்பிள்ளை எங்கிட்ட சொன்னாரு?"

இரண்டு பேரிடமும் ஆளுக்கொன்றாகச் சொன்னது பையனின் அப்பாதான். பெரியவர்கள் மனம் குளிரட்டுமே என்று சொன்னது. இப்போது, இருவரையும் நினைத்துத்தான் வைத்தேன் என்று பூசி மெழுகப் பார்த்தார். "அப்போ எனக்குப் பாதிதானா?" என்று அவருடைய அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலில் யாரை நினைத்தீர்கள் என்று மாமனார் பிடித்துக்கொண்டார். கையோடு பையை எடுத்து வேட்டிகளை மடித்து வைக்கத் தொடங்கினார். ஏழு வருஷம் ஒரே பேப்பரைப் பங்கு போட்டுப் படித்த சம்பந்திகள்.

"உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

அவர் பரணிலிருந்து ஒரு கறுப்புக் குடையை இறக்கினார். பையன் பிறந்த அன்று அடைமழை. எதிரே இருந்த மருந்துக் கடைக்கு ஓட வேண்டும்; நனைந்தால் மருந்துச் சீட்டில் மை கரைந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலில் தவித்து நின்றவர் கையில் யாரோ ஒருவர் தம் குடையைத் திணித்துவிட்டு, நனைந்தபடியே பஸ் ஏறிவிட்டார். கைப்பிடியில் வெள்ளி எழுத்தில் 'கிரிதரன்' என்று இருந்தது.

"வழியில போனவன் பேரையா என் பேரனுக்கு வெச்சே?"

"நல்லாக் கேளுங்க, சம்பந்தி" என்றார் மாமனார். பை சுவரோரம் போனது. இருவரும் ஒரே கட்சியாகி, ஏழு வருஷமாக அடுத்தவர் குடையை வைத்திருப்பதற்காக அவரை வறுத்தெடுத்தார்கள். அந்த மனுஷனைத் தேடிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டுமாம்.

குடையில் ஒரு கம்பி ஒடிந்திருந்தது. ஒடிந்ததையா கொடுப்பது? பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடை ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துச் சரிசெய்தார். பிறகு கைப்பிடியைக் காட்டி, இந்தப் பெயர்க்காரரைத் தெரியுமா என்று கேட்டார்.

ரிப்பேர்க்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இது ஆள் பேரு இல்ல சார், குடைக் கம்பெனி பேரு. மலையையே குடையாப் பிடிச்ச சாமியாச்சே, பொருத்தமாத்தான் வெச்சிருந்தாங்க. அதை மூடியே பல வருஷமாச்சு."

ஊருக்கே பொடி எழுத்துத் தெரிய வைப்பவர், கைப்பிடியைக் கண்ணருகே கொண்டுபோய் மறுபடி படித்துப் பார்த்தார்.

தூறல் விழுந்தது. அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். வாசலில் யாரும் இல்லை. அன்று தாம் நின்ற இடத்தில், கம்பிக் கதவில் குடையை மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்.

வீட்டு வாசலில் இரண்டு பெரியவர்களும் ஆளுக்கொரு துண்டோடு நின்றார்கள்.

"குடுத்துட்டியா? ஆள் பேரு அதுதானா?"

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "குடையைப் பிடிக்கிறவர் பேரு அதேதான்ப்பா."